கரையா மருந்தும் கரையும் கலமும்

தாவர மூலக்கூறுகளைப் புற்றுநோய்ச் செல்களிடம் சேர்க்கும் பலபடி நானோ துகள்கள்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்

1. உரையின் பொருள்

தாவரங்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு இன்று புற்றுநோய் மருத்துவமனைகளில் அன்றாடம் பயன்படும் மருந்துகள் சிலவற்றுக்கும், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றதாக எண்ணற்ற கட்டுரைகளில் பதிவாகியும் நோயாளியின் படுக்கையருகே இன்னும் இடம்பெறாத தாவரப் பொருள்கள் பலவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: அவை நீரில் கரைவதில்லை. குருதியின் பெரும்பகுதி நீர் என்பதால், கரையாத பொருளைச் சிரையின் வழியே செலுத்த இயலாது. வாய்வழி உட்கொண்டாலும் குடற்சுவரைக் கடந்து குருதியில் சேரும் அளவு சொற்பமே. இத்தடையை நீக்குவதற்குக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வேதியியலும் மருந்தியலும் கூடி உருவாக்கிய வழிகளுள் ஒன்றே, மருந்தைத் தன்னுள் பொதிந்து சுமந்து செல்லும் பலபடி நானோ துகள்.

பலபடி என்பது சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் சங்கிலியின் கண்ணிகள்போல் கோத்து உருவாகும் நெடிய மூலக்கூறு. பாலிமர் என்று பொதுவழக்கில் வழங்குவதும் இதுவே. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. மனிதக் குருதியின் சிவப்பணு ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 7,000 நானோமீட்டர் என்றால், இவ்வுரையில் பேசப்படும் துகள்கள் பெரும்பாலும் 20 முதல் 200 நானோமீட்டர் வரையிலான விட்டம் உடையவை.

இத்துறையின் வரலாற்றை இரண்டு தாவரங்களைக் கொண்டு நோக்குவது இவ்வுரையின் முறை: ஒன்று வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் வளரும் யூ மரத்தின் பட்டை, மற்றொன்று தமிழர் வீடுகளில் அடுப்படியிலும் வழிபாட்டிலும் நீங்காத இடம்பெற்ற மஞ்சள் கிழங்கு. இரண்டின் மூலக்கூறுகளும் நீரில் கரையாதவை. இரண்டுக்கும் நானோ கலங்கள் செய்யப்பட்டன. ஆயினும் முதலாவது மருந்தாக நிலைபெற்றது. இரண்டாவது இன்னும் அந்நிலையை எட்டவில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தேடினால், கலம் என்பது சுமையைச் சேர்க்குமேயன்றிச் சுமைக்கு இல்லாத ஆற்றலை அதற்கு வழங்காது என்னும் எளிய உண்மை தெளிவாகும். அதனை நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம்.

2. தாவரங்கள் தந்தவை

இடம்பெயர இயலாத தாவரங்கள், பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் மேயும் விலங்கிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளத் தம் உடலிலேயே சமைத்துக்கொள்ளும் வேதிப்பொருள்களைப் பெரிதும் சார்ந்திருக்கின்றன. பிற உயிரின் செல் பிரிவதைத் தடுக்கும் நஞ்சுகளும் அவற்றுள் அடங்கும். கட்டுப்பாடின்றிப் பிரிவதே புற்றுநோய்ச் செல்லின் இயல்பு என்பதால், தாவரத்தின் நஞ்சு மனிதருக்கு மருந்தாகும் வாய்ப்பு இவ்விடத்தில் பிறக்கிறது.

இவ்வாய்ப்பை முதலில் உணர்த்தியவற்றுள் ஒன்று, மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்டு இன்று தமிழ்நாட்டின் வீட்டு முற்றங்களிலும் வெட்டவெளிகளிலும் தானே வளர்ந்து பூக்கும் நித்தியகல்யாணி. நீரிழிவுக்கு அதன் இலை மருந்தாகும் என்னும் ஜமைக்கா நாட்டு வழக்கைச் சோதிக்கும் பொருட்டு, கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் 1950களில் ஆய்வு மேற்கொண்டபோது, எலிகளின் குருதிச் சர்க்கரையில் மாற்றம் ஏதும் தோன்றவில்லை. மாறாக, அவற்றின் வெள்ளணுக்கள் பெருமளவு குறைந்தன. அந்த எதிர்பாராத விளைவைப் பின்தொடர்ந்து கண்டறியப்பட்டதே வின்பிளாஸ்டின். அதே செடியிலிருந்து பின்னர் கிடைத்த வின்கிறிஸ்டின் 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, குழந்தைகளின் குருதிப் புற்றுநோய் மருத்துவத்தில் இன்றுவரை இன்றியமையாத இடம் வகிக்கிறது. இவ்விரண்டும் கந்தக அமிலத்தோடு சேர்ந்து உப்பாகும்போது நீரில் எளிதாகக் கரைகின்றன. ஆகவே அவற்றைக் குருதியில் சேர்ப்பதற்குத் தனிக்கலம் எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை.

எல்லாத் தாவர மருந்துகளுக்கும் அந்த நல்வாய்ப்பு அமையவில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் இயங்கும் ஆய்வு நிறுவனம் ஒன்றில் மன்ரோ வாலும், மகாராஷ்டிரத்தின் நந்தூர்பாரில் பிறந்து அங்குச் சென்று பணியாற்றிய மன்சுக் வானியும் இணைந்து 1966ஆம் ஆண்டு ஒரு சீன மரத்திலிருந்து கேம்ப்டோதெசின் என்னும் பொருளையும், 1971ஆம் ஆண்டு பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து டாக்சால் என்று தொடக்கத்தில் பெயரிடப்பட்ட பாக்ளிடாக்சலையும் உலகுக்கு அறிவித்தனர். கேம்ப்டோதெசின் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் மற்றொரு மரத்திலும் இருப்பதை 1972ஆம் ஆண்டு வெளிப்படுத்தியவர்கள், சென்னை மாநிலக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய வேதியியலாளர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய உடன் ஆய்வாளர் என். விஸ்வநாதனும் ஆவர். ஆற்றல் மிக்க இவ்விரு பொருள்களும் நீரில் கரைய மறுத்தன. அவற்றின் பின்வரலாறு முழுவதையும் அந்த மறுப்பே வடிவமைத்தது.

3. கரையாமைக்குத் தந்த விலை

கேம்ப்டோதெசினைக் கரைப்பதற்கு 1970களில் மேற்கொள்ளப்பட்ட வழி, அதனைச் சோடிய உப்பாக மாற்றுவது. அவ்வாறு மாற்றும்போது அதன் கட்டமைப்பிலுள்ள லாக்டோன் எனப்படும் வளையம் திறந்துகொள்கிறது. பொருள் நீரில் கரைகிறது, ஆனால் புற்றுநோய்ச் செல்லைத் தாக்கும் ஆற்றலின் பெரும்பகுதியையும் அதனோடு இழந்துவிடுகிறது. மேலும், சிறுநீரின் அமிலத்தன்மையில் அவ்வளையம் மீண்டும் மூடிக்கொள்வதால், மருந்து தன் முழு வேகத்தையும் சேரவேண்டிய கட்டியில் காட்டாமல் சிறுநீர்ப்பையில் காட்டியது. நோயாளிகளுக்குச் சிறுநீர்ப்பையில் குருதிக்கசிவு உண்டாகி அச்சோதனைகள் கைவிடப்பட்டன. அதன் மூலக்கூறைத் திருத்தி அமைத்த டோப்போடெகான், இரினோடெகான் என்னும் வழிப்பொருள்கள் 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெறும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அம்மரத்தின் ஆற்றல் நோயாளிகளுக்கு எட்டாமலே இருந்தது.

பாக்ளிடாக்சலுக்கு வேறொரு வழி கண்டறியப்பட்டது. செல் பிரியும்போது மரபுப்பொருளை இரு கூறாக இழுத்துப் பகிர்ந்தளிக்கும் பணியை நுண்குழல்கள் என்னும் புரத இழைகள் செய்கின்றன. பணி முடிந்ததும் அவை கலைந்து மீண்டும் வேண்டிய இடத்தில் உருவாக வேண்டும். பாக்ளிடாக்சல் அவற்றைக் கலைய விடாமல் இறுக்கிப் பிடிப்பதை 1979ஆம் ஆண்டு சூசன் ஹார்விட்ஸ் குழுவினர் வெளிப்படுத்திய பின்னர், இப்புதுமையான செயல்முறை பெரும் ஆர்வத்தைத் தூண்டியது. கரையாத அப்பொருளை, ஆமணக்கு எண்ணெயை வேதிமாற்றம் செய்து பெறப்பட்ட கிரெமோஃபர் என்னும் நீர்மத்தையும் ஆல்கஹாலையும் கலந்து கரைத்தனர். அவ்வடிவிலேயே 1992ஆம் ஆண்டு சினைப்பைப் புற்றுநோய்க்கு அது ஒப்புதல் பெற்றது.

எண்ணற்ற உயிர்களின் நாள்களை நீட்டித்த அந்த மருந்தின் கரைப்பான் தனக்கென ஒரு விலை கேட்டது. ஒரு மில்லிலிட்டர் மருந்து நீர்மத்தில் பாக்ளிடாக்சல் 6 மில்லிகிராம் மட்டுமே. கிரெமோஃபரோ 527 மில்லிகிராம். உடற்பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ள ஒருவருக்குச் சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம் என்னும் வழக்கமான அளவில் கணக்கிட்டால், 280 மில்லிகிராம் மருந்தைச் செலுத்துவதற்காக ஏறத்தாழ 25 கிராம் கரைப்பானை அவருடைய குருதியில் கலக்க நேரிடுகிறது. மூச்சுத்திணறலும் குருதியழுத்த வீழ்ச்சியும் கொண்ட கடும் ஒவ்வாமை சிலருக்கு நேர்ந்ததால், ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்துகளும் முன்கூட்டியே கொடுக்கப்பட்டு, மருந்து மூன்று மணி நேரம்போல மெல்ல ஏற்றப்பட வேண்டியதாயிற்று. வழக்கமான பிளாஸ்டிக் பைகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும் மென்மையூட்டிப் பொருளை அக்கரைப்பான் கரைத்தெடுத்துவிடும் என்பதால், அவற்றையும் மாற்ற நேர்ந்தது. நோயாளி சுமந்த துன்பத்தின் ஒரு பகுதி நோயினாலும் வரவில்லை, மருந்தினாலும் வரவில்லை, மருந்தைக் கரைத்த பொருளினால் வந்தது என்பதே கலத்தைத் தேடுவதற்கு அறத்தின் வழிநின்ற முதற்காரணம் ஆகும்.

4. கலத்தின் அமைப்பு

மருந்தைச் சுமக்கும் கலத்திற்கு மூன்று இயல்புகள் வேண்டும்: நீரை விலக்கும் மருந்துக்கு உள்ளே இடம் தர வேண்டும், வெளிப்புறம் குருதியோடு இணங்கிச் செல்ல வேண்டும், பணி முடிந்தபின் உடலுக்குத் தீங்கின்றிச் சிதைந்து நீங்க வேண்டும். மூன்றாவது இயல்பினாலேயே லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் கலந்து கோத்த பலபடி இத்துறையில் முதலிடம் பெற்றது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பி.எல்.ஜி.ஏ. என்று குறிப்பர். அறுவை மருத்துவத்தில் உடலுக்குள்ளேயே கரைந்துவிடும் தையல் நூல்களாக இவ்வமிலங்களின் பலபடிகள் 1970களிலிருந்தே பயன்பட்டு வருகின்றன. உடல்நீர் அச்சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. இது நீராற்பகுப்பு எனப்படும். விளைவாகக் கிடைக்கும் அமிலங்களை, உடற்பயிற்சியின்போது தசையில் தோன்றும் லாக்டிக் அமிலத்தைப் போலவே, உடல் எரித்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேற்றிவிடுகிறது. இரு அமிலங்களும் சரிபாதியாக இருந்தால் பலபடி விரைந்து சிதையும். லாக்டிக் அமிலத்தின் பங்கு கூடக்கூடச் சிதைவு தாமதமாகும். ஆகவே மருந்து வெளிப்படும் வேகத்தை முன்கூட்டியே ஓரளவு வகுத்துக்கொள்ள இயலும்.

துகள் செய்யும் முறை தோற்றத்தில் எளியது. மருந்தையும் பலபடியையும் அசிட்டோன் போன்ற நீரோடு கலக்கும் கரைப்பானில் ஒன்றாகக் கரைத்து, கலக்கிக்கொண்டிருக்கும் நீரில் சொட்டுச்சொட்டாக விட்டால், கரைப்பான் நீரில் பரவிவிட, நீரோடு சேர இயலாத பலபடியும் மருந்தும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நுண்ணிய உருண்டைகளாகத் திரள்கின்றன. நீரோடு கலவாத கரைப்பானைப் பயன்படுத்தினால், அதனை நீருக்குள் மிகச் சிறு துளிகளாக உடைத்துப் பால்மமாக்கி, பின்னர் கரைப்பானை ஆவியாக்குவர். இயற்கைப் பலபடிகளுக்கு வேறு வழிகள் உண்டு: இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து பெறப்படும் கைட்டோசான் நேர்மின்சுமை உடையது, எதிர்மின்சுமை கொண்ட பாஸ்பேட்டுச் சேர்மத்தோடு அதனைக் கலந்தாலே, வலுவான கரைப்பான் ஏதுமின்றித் துகள்கள் உருவாகின்றன.

இவ்வாறு உருவான வெற்றுத்துகளைக் குருதியில் விட்டால், சில நிமிடங்களுக்குள் புரதங்கள் அதன்மீது படிந்து அதனை அயற்பொருளென அடையாளப்படுத்த, கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் அதனைக் கவர்ந்துவிடும். இதனைத் தவிர்ப்பதற்குத் துகளின் மேற்பரப்பில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் நீர்விரும்பும் பலபடியின் இழைகள் நாணற்புதர்போல் நெருக்கமாக நடப்படுகின்றன. அவை நீரை ஈர்த்துப் பிடித்துக்கொண்டு புரதங்கள் நெருங்குவதைத் தடுக்கின்றன. இவ்வகைத் துகள்கள் குருதியில் நெடுநேரம் சுற்றிவருவதை 1994ஆம் ஆண்டு ராபர்ட் லாங்கரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு நிலைநாட்டியது. நீர்விலக்கும் பகுதியும் நீர்விரும்பும் பகுதியும் ஒரே சங்கிலியில் அமைந்த பலபடிகள், நீரில் இடப்பட்டதும் தாமாகவே உட்புறம் நீரைத் தவிர்த்தும் வெளிப்புறம் நீரை நோக்கியும் திரண்டு, மிசெல் எனப்படும் சிறு உருண்டைகளாக அமைவதும் உண்டு.

5. குருதியிலிருந்து செல்வரை

ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யசுஹிரோ மட்சுமுராவும் ஹிரோஷி மயேடாவும் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இத்துறைக்கு நெடுங்காலம் அடிப்படைக் கொள்கையாக விளங்கியது. விரைந்து வளரும் கட்டி தனக்கெனப் புதிய குருதிக்குழாய்களை அவசரமாக உருவாக்கிக்கொள்வதால், அவற்றின் சுவர்களில் இடைவெளிகள் மிகுதி. திசுக்களின் மிகைநீரை அகற்றும் நிணநீர்க் குழாய்களோ அங்குச் செவ்வனே அமைவதில்லை. ஆகவே சிறு மூலக்கூறுகளைவிடப் பெரிய துகள்கள் கட்டிக்குள் கசிந்து நுழைந்து அங்கேயே தங்கிவிடும் என்பது அக்கொள்கையின் சாரம்.

எலிகளிடம் பெரும்பாலும் மெய்ப்பட்ட இக்கொள்கை, மனிதரிடம் அதே அளவில் மெய்ப்படவில்லை. எலிக்கு உண்டாக்கப்படும் கட்டி சில வாரங்களில் உடலெடையின் கணிசமான பங்காக வளர்கிறது; மனிதரின் கட்டி பல ஆண்டுகள் மெல்ல வளர்ந்து, இறுகிய நார்த்திசுவால் சூழப்பட்டிருக்கும்; ஒரே நோயாளியின் இரு கட்டிகளே தம்முள் வேறுபடும். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சான் குழுவினர் பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, விலங்குகளுக்குச் செலுத்தப்பட்ட நானோ துகள்களுள் கட்டியைச் சென்றடைந்த பங்கின் இடைநிலை அளவு 0.7 விழுக்காடு மட்டுமே. குழாய்ச் சுவரின் இடைவெளிகளைவிடச் சுவர்ச் செல்களே துகள்களைத் தம்முள் ஏற்று மறுபுறம் கடத்துவது பெரும்பான்மையாக நிகழ்கிறது என்று அதே குழுவினர் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, பழைய கொள்கையின் அடித்தளத்தையே மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. வெறும் மூலக்கூறாகச் செலுத்தப்படும் மருந்தும் உடலெங்கும் பரவுவதே என்பதால், இந்த எண் நானோ துகள்கள் பயனற்றவை என்று தீர்ப்பளித்துவிடவில்லை. குறிதவறாத அம்பு என்று அவற்றைப் புகழ்வது பொருந்தாது என்பதையே அது உணர்த்துகிறது.

கட்டியை அடைந்த துகளுக்கும் தடைகள் உண்டு. செல் தன் சவ்வைக் குழித்துத் துகளைச் சூழ்ந்து ஒரு சிறு பையாக உள்ளிழுத்துக்கொள்ள, அப்பை படிப்படியாக அமிலத்தன்மை கூடிய லைசோசோம் என்னும் செரிமான அறையில் சேர்கிறது. மருந்து சிதையுமுன் துகளிலிருந்து விடுபட்டுச் செல்லின் உட்பரப்பை எட்ட வேண்டும். மறுபுறம், தனித்து நுழையும் மருந்து மூலக்கூறுகளைச் சவ்விலேயே பிடித்து வெளியேற்றும் புரத எக்கிகளைப் புற்றுநோய்ச் செல்கள் சில மிகுதியாக வளர்த்துக்கொள்கின்றன. பை வடிவில் உள்நுழையும் துகள் அக்காவலைத் தாண்டிச் செல்வது, ஆய்வுக்கூடத்தில் கலங்கள் காட்டும் தெளிவான நன்மைகளுள் ஒன்று.

6. பட்டையின் வழி

பாக்ளிடாக்சலின் துன்பம் தந்த கரைப்பானை விலக்கிய முதல் நானோ வடிவங்களுள் ஒன்று, மனிதக் குருதியில் இயல்பாகவே இருக்கும் ஆல்புமின் என்னும் புரதத்தைக் கலமாகக் கொண்டது. புரதமும் அமினோ அமிலங்கள் கோத்த ஓர் இயற்கைப் பலபடியே. ஏறத்தாழ 130 நானோமீட்டர் அளவுடைய அத்துகள் 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில், பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. பழைய வடிவத்தில் சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம் மூன்று மணி நேரத்தில் ஏற்றப்பட்டது; புதிய வடிவத்தில் 260 மில்லிகிராமை, ஒவ்வாமைத் தடுப்பு மருந்துகள் இன்றியே, 30 நிமிடங்களில் ஏற்ற முடிந்தது. இரண்டையும் ஒப்பிட்ட பெருஞ்சோதனையில் கட்டி சுருங்கியோர் பங்கு 19 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்ந்தது. நோய் மீண்டும் முன்னேறும்வரை கழிந்த காலம் 16.9 வாரங்களிலிருந்து 23 வாரங்களாக நீண்டது.

அச்சோதனையின் மறுபக்கத்தையும் அதே நேர்மையோடு கூற வேண்டும். கூடிய அளவு மருந்து செலுத்தப்பட்டதால், கைகால் நரம்புகள் மரத்துப்போகும் கடும் பக்கவிளைவு 2 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் கூடியது. சோதனையில் பங்கேற்றோர் அனைவரையும் ஒருசேரக் கணக்கிட்டபோது, உயிர்வாழ்ந்த காலத்தில் புள்ளியியல் அடிப்படையில் உறுதியான வேறுபாடு புலப்படவில்லை. கலம் கரைப்பானின் தீங்கை நீக்கியது. மருந்தின் இயல்பான தீங்கை நீக்கவில்லை. தென்கொரியாவில் 2007ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற மற்றொரு வடிவம், பாலிஎத்திலீன் கிளைக்காலும் லாக்டிக் அமிலப் பலபடியும் இணைந்த மிசெலில் பாக்ளிடாக்சலைப் பொதிந்தது; முழுதும் செயற்கைப் பலபடியாலான கலம் மருத்துவமனை வாயிலைக் கடந்ததற்கு அது சான்று. இவ்விரு வெற்றிகளுக்கும் பொது அடிப்படை ஒன்று உண்டு: பாக்ளிடாக்சல் மனிதரின் புற்றுநோயைத் தடுக்கும் என்பது, கலம் செய்யப்படுவதற்கு முன்பே, குறைபட்ட கரைப்பானிலேயே ஐயமற நிறுவப்பட்டிருந்தது.

7. கிழங்கின் நிலை

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் 1815ஆம் ஆண்டு பிரான்சில் பிரித்தெடுக்கப்பட்டு, அதன் கட்டமைப்பு 1910ஆம் ஆண்டு உறுதி செய்யப்பட்டது. புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் உட்படப் பொதுவான மஞ்சள் வகைகளில் அதன் பங்கு எடையில் சில விழுக்காடு மட்டுமே. அழற்சி, செல் பிரிவு, செல் இறப்பு ஆகியவற்றோடு தொடர்புடைய புரதங்கள் பலவற்றை அது பாதிப்பதாகச் செல் வளர்ப்பு ஆய்வுகள் தொடர்ந்து தெரிவித்ததால், தாவர மூலக்கூறுகளுக்கான நானோ கல ஆய்வில் மிகுதியாகக் கையாளப்பட்ட பொருளாகவும் அது அமைந்தது.

கரையாமையோடு நிலையாமையும் குர்குமினின் குறை. உடலின் வெப்பத்திலும் குருதியை ஒத்த காரநிலையிலும் உள்ள கரைசலில், அதன் 90 விழுக்காடு அரைமணி நேரத்தில் சிதைந்துவிடுவதை 1997ஆம் ஆண்டு ஆய்வொன்று வெளிப்படுத்தியது. குடலிலும் கல்லீரலிலும் அது விரைந்து மாற்றமடைந்து வெளியேறுகிறது. தைவானில் நடந்து 2001ஆம் ஆண்டு வெளியான சோதனையில், நாளொன்றுக்கு 8 கிராம் தூய குர்குமின் உட்கொண்டோர் குருதியில் காணப்பட்ட உச்ச அளவு, செறிவின் அலகான மைக்ரோமோலாரில் 2ஐயும் எட்டவில்லை. மஞ்சளில் குர்குமின் 3 விழுக்காடு என்று கொண்டால், 8 கிராம் என்பது நாளொன்றுக்குக் கால் கிலோவுக்கும் மேற்பட்ட மஞ்சள் தூளில் அடங்கியது. செல் வளர்ப்புத் தட்டில் பெரும்பாலும் பயன்படும் செறிவோ 10 மைக்ரோமோலாரும் அதற்கு மேலும். உணவில் சேரும் சிட்டிகை மஞ்சளுக்கும் ஆய்வுத்தட்டின் முடிவுக்கும் இடையே எவ்வளவு தொலைவு உள்ளது என்பதை இக்கணக்கே உணர்த்தும். மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தால் குருதியில் குர்குமின் சேரும் அளவு இருபது மடங்கு கூடுவதைப் பெங்களூரில் 1998ஆம் ஆண்டு நடந்த ஆய்வு கண்டறிந்தது. ஆனால் தொடக்க அளவே மிகச் சிறியது ஆகையால், பெருக்கிய பின்னும் அது பெரிதாகிவிடவில்லை.

இந்நிலையில் 2007ஆம் ஆண்டு அனிர்பன் மைத்ரா, அமர்நாத் மைத்ரா ஆகியோர் பங்கேற்ற அமெரிக்க, இந்தியக் கூட்டாய்வு, மூவகை அலகுகள் கோத்த பலபடியில் குர்குமினைப் பொதிந்து ஏறத்தாழ 50 நானோமீட்டர் துகள்களை உருவாக்கியது. நீரில் மஞ்சள் துணுக்குகளாக மிதந்து படியும் பொருள், அத்துகளில் அடங்கியதும் தெளிந்த கரைசலாகத் தோன்றியது. கணையப் புற்றுநோய்ச் செல்களை அது தனிக்குர்குமினுக்கு நிகராகக் கட்டுப்படுத்தியது. நிகராக என்னும் சொல் இங்கே முதன்மையானது: கலம் கரைதிறனைத் தந்தது, செல்லைத் தாக்கும் ஆற்றல் குர்குமினுக்கு எவ்வளவோ அவ்வளவே நின்றது. அதன்பின் பி.எல்.ஜி.ஏ., கைட்டோசான், ஆல்புமின் எனப் பல கலங்களில் குர்குமின் பொதியப்பட்டது. எலிகளின் குருதியில் அது தங்கும் காலம் கூடியதும் பலமுறை பதிவானது.

ஆனால் சுமையின் மதிப்பைப் பற்றிய வினா தீரவில்லை. குர்குமினின் மருந்து வேதியியலை 2017ஆம் ஆண்டு மீளாய்வு செய்த அமெரிக்க அறிவியலாளர்கள், அப்பொருள் தானே ஒளிர்வதாலும், புரதங்களோடு பலவாறாகப் பிணைவதாலும், உலோக அயனிகளைப் பற்றுவதாலும், சவ்வைக் குலைப்பதாலும் ஆய்வுக்கூடச் சோதனைகளில் பொய்யான வெற்றிகளைத் தோற்றுவிக்கக்கூடியது என்று எடுத்துரைத்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளுக்குப் பின்னும், மருந்தற்ற மாத்திரையோடு இருபுறமும் மறைத்து ஒப்பிட்டு வெற்றி கண்ட சோதனை ஒன்றும் இல்லை என்றும் சுட்டினர். குருதியில் சேராமையே தோல்விக்குக் காரணமா, சேர்ந்தாலும் ஆற்றல் போதாமையா என்னும் வினாவுக்கு விடைகாண நானோ கலம் ஒரு கருவியாகலாம். அவ்வகையில் அதன் பயன் மருந்தாக அமைவதைவிட, மெய்யைப் பிரித்தறியும் உரைகல்லாக அமைவதில் மிகுதி.

8. ஆய்வாளர் பேணவேண்டிய அளவுகோல்கள்

தாவரச்சாறும் பலபடியும் செல்வரிசையும் எளிதாகக் கிடைப்பதால், இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் இத்துறை முனைவர் பட்ட ஆய்வுகளை மிகுதியாக ஈர்க்கிறது. ஆகவே ஆய்வின் மதிப்பைத் தீர்மானிக்கும் சில அளவுகோல்களை இங்குத் தொகுத்துரைப்பது தகும்.

முதலாவது, மருந்து பொதியாத வெற்றுத்துகளையும் அதே செறிவில் செல்களோடு சேர்த்துச் சோதிக்க வேண்டும். கைட்டோசான் போன்ற நேர்மின்சுமை கொண்ட துகள் தானே செல்சவ்வைக் குலைக்கக்கூடும் என்பதால், இந்த ஒப்பீடு இல்லாத முடிவு மருந்தைப் பற்றியதா கலத்தைப் பற்றியதா என்று பிரித்தறிய இயலாது. இரண்டாவது, புற்றுநோய்ச் செல்லோடு இயல்பான செல்லையும் ஒப்பிட வேண்டும்; எல்லாச் செல்லையும் ஒருங்கே கொல்லும் பொருள் நஞ்சேயன்றி மருந்தாகாது. மூன்றாவது, துகளின் எடையில் மருந்து எத்தனை விழுக்காடு என்பதைத் தெளிவாகக் கூற வேண்டும். இவ்வகைத் துகள்களில் அது பெரும்பாலும் பத்து விழுக்காட்டுக்குள்ளேயே அமைவதால், ஒரு பங்கு மருந்துக்காக ஒன்பது பங்கு பலபடியை உடல் சுமக்க நேரும்.

நான்காவது, மருந்து வெளிப்படும் வேகத்தை அளக்கும் முறையில் கவனம் வேண்டும். சவ்வுப்பையில் துகளை இட்டுச் சுற்றியுள்ள நீரில் சேரும் மருந்தை அளக்கும்போது, கரையாத மருந்து துகளைவிட்டு விடுபட்டபின்னும் பையிலேயே படிந்துவிடக்கூடும். மருந்து மெல்ல வெளிப்படுகிறது என்று அதனைப் பிழையாகப் பொருள்கொள்வர். ஐந்தாவது, இன்று செய்த துகளும் அடுத்த திங்களில் செய்த துகளும் அளவிலும் பொதிவிலும் ஒத்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் சில மில்லிகிராமாக வெற்றிபெற்ற முறைகள் பல, தொழிற்சாலையில் கிலோ அளவில் செய்யப்படும்போது தடுமாறுவது இதனாலேயே. இறுதியாக, தட்டில் கிடைத்த முடிவைத் தட்டில் கிடைத்ததென்றே கூற வேண்டும். வளர்ப்புத் தட்டில் கல்லீரல் இல்லை, மண்ணீரல் இல்லை, நார்த்திசு இல்லை. கலம் கடக்கவேண்டிய வழி முழுவதும் அங்கே நீக்கப்பட்டிருக்கிறது.

9. நிறைவுரை

கேம்ப்டோதெசினின் வளையம் திறந்துகொண்டதும், ஆமணக்கு எண்ணெய்க் கரைப்பான் மூச்சைத் திணறவைத்ததும், ஆல்புமின் துகள் அத்திணறலை நீக்கியதும், குர்குமின் கரைதிறன் பெற்றபின்னும் தன் மெய்மையை நிறுவாமல் நிற்பதும் ஒரே பாடத்தின் பகுதிகள். வலுவான மருந்தின் வழியில் நின்ற தடையை அகற்றும்போது, கலம் உண்மையான நோயாளிகளின் உண்மையான துன்பத்தைக் குறைத்திருக்கிறது. அதனினும் பெரிய அறம் மருந்தியலில் வேறில்லை. நிறுவப்படாத பொருளுக்கு மேலுறையாக அமையும்போதோ, நானோ என்னும் சொல் விலையைக் கூட்டவும் நம்பிக்கையைத் தூண்டவும் பயன்படுவதன்றி நோயைத் தீர்ப்பதில்லை. புற்றுநோய் என்னும் சொல்லைக் கேட்டு நிலைகுலைந்த குடும்பம், நன்கு நிறுவப்பட்ட மருத்துவத்தை ஒத்திவைத்து இத்தகைய பொருள்களின்பால் செல்லுமாயின், இழக்கப்படும் திங்கள்களை எந்தக் கலமும் மீட்டுத் தராது. தாவரத்தின்மீது கொண்ட அன்பு, அதனைக் கடுமையாகச் சோதிக்கும் துணிவாக வெளிப்படுவதே நோயாளிக்குச் செய்யும் மரியாதை; நித்தியகல்யாணியின் இலை நீரிழிவைத் தீர்க்கவில்லை என்பதை நேர்மையாக ஏற்று, எலியின் வெள்ளணுக்களைக் கூர்ந்து நோக்கியவர்களாலேயே குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு மருந்து பிறந்தது.

பி.எல்.ஜி.ஏ. துகள் தன் பணியை முடித்ததும் கண்ணி கண்ணியாக அறுந்து, நீராகவும் வாயுவாகவும் உடலைவிட்டு நீங்கிவிடுகிறது. அது நீங்கியபின் செல்லுக்குள் தனித்து நிற்பது தாவரம் தந்த மூலக்கூறு ஒன்றே. அவ்விடத்தில் அதற்குத் துணையாவது அதன் சொந்த ஆற்றலே. அந்த ஆற்றலை முதலில் நிறுவி, அதன்பின் அதற்கேற்ற கலத்தைச் செய்வதே இத்துறை பின்பற்றவேண்டிய வரிசைமுறை.